பில் போடும் கீபோர்டுக்கு எந்த சுவிட்ச் நல்லது?



தராசுக்குத் தவறாமல் முத்திரை வைக்கிறோம். கல்லாவுக்குப் பூட்டு வாங்க நாலு கடை ஏறி இறங்குகிறோம். ஆனால், தராசு காட்டும் எடையைக் கணினியில் ஏற்றுகிற கீபோர்டை மட்டும் "இருப்பதில் விலை குறைந்தது எதுவோ அதைக் கொடுங்கள்" என்று கேட்டு வாங்கி வந்துவிடுகிறோம். எங்கள் மண்டியிலும் அப்படித்தான் இருந்தது, ஒரு மாசி மாதம் வரை.

சில ஆண்டுகளுக்கு முன், புளி வரத்து மும்முரமாக இருந்த நேரம். கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கு அப்பால் உள்ள ஓர் ஊரிலிருந்து ஒரு பெரியவர் 14 மூட்டை புளி கொண்டு வந்தார். எங்களுக்குப் பல வருஷத்துப் பழக்கம். எடை போட்டோம், பில் போட்டோம், பணம் வாங்கிக்கொண்டு கச்சிராயபாளையம் வழியாக ஊர் போய்ச் சேர்ந்தார். மூன்றாம் நாள் காலை, கடை திறக்கும்போதே வாசலில் நின்றார். கையில் எங்கள் பில்.

"மொதலாளி, பேத்தி பள்ளிக்கூடத்துல படிக்குது. ஒரு மூட்டைக்கு நாலு கிலோன்னு போட்டிருக்காங்க தாத்தான்னு சொல்லுது. நாலு கிலோவுல மூட்டை உண்டுங்களா?"

பார்த்தால் உண்மைதான். 46 கிலோ மூட்டை 4 கிலோ என்று ஏறியிருந்தது. மொத்தம் அறுநூறு கிலோவுக்கு மேல் வந்த சரக்கில் 42 கிலோ குறைந்ததை எங்களில் யாரும் கவனிக்கவில்லை. உடனே அந்த 42 கிலோவுக்கும் பணம் கொடுத்து, பஸ் செலவையும் சேர்த்துக் கொடுத்தோம். பெரியவர் வாங்கிக்கொண்டார். டீ மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அந்தப் பங்குனி முழுவதும் அந்த ஊர்ச் சரக்கு எங்கள் மண்டிக்கு வரவில்லை. மேற்கே இறங்கி ஆத்தூர்ப் பக்கம் போய்விட்டது.

பில் போட்ட தம்பியைத் திட்டினோம். அவர் "ஆறை அழுத்தினேன் ஐயா" என்று சத்தியம் செய்தார். சோதித்துப் பார்த்தோம். ஆறாம் எண் பட்டனைப் பத்துத் தடவை அழுத்தினால் எட்டுத் தடவைதான் திரையில் விழுந்தது. வைத தம்பியிடம் நாங்களே வருத்தம் சொல்ல வேண்டியதாயிற்று.

அதன்பிறகுதான் கீபோர்டுக்குள் என்ன இருக்கிறது என்று விசாரித்தோம். விலை குறைந்த கீபோர்டில் பட்டனுக்கு அடியில் கிண்ணம் கவிழ்த்தாற்போல ஒரு ரப்பர் மட்டுமே இருக்கிறது. அது முழுவதும் அமுங்கி அடித்தட்டைத் தொட்டு, அங்குள்ள பிளாஸ்டிக் தாள்கள் ஒட்டினால்தான் எழுத்து விழும். ரப்பர் தளர்ந்துவிட்டால் விரலுக்கு அமுங்கியதுபோலத் தோன்றும், கணினிக்கோ ஒன்றும் போய்ச் சேராது.

மெக்கானிக்கல் கீபோர்டு என்பது வேறு ரகம். ஒவ்வொரு பட்டனுக்கும் தனித்தனி சுவிட்ச். உள்ளே ஸ்பிரிங், உலோகத் தொடுமுனை. பட்டன் சுமார் 4 மில்லிமீட்டர் இறங்கும். ஏறக்குறைய பாதி இறங்கும்போதே எழுத்து பதிந்துவிடும். 1980களின் தொடக்கத்தில் ஜெர்மனியைச் சேர்ந்த செர்ரி நிறுவனம் கொண்டுவந்த 'எம்எக்ஸ்' சுவிட்சுதான் இன்றைக்கும் மாதிரி. காப்புரிமைக் காலம் முடிந்த பிறகு கெயில், கேட்டரான், அவுட்டெமு போன்ற சீன நிறுவனங்கள் அதே அமைப்பில் ஏராளமாகச் செய்கின்றன. விலை இறங்கியதற்கு இதுவே காரணம்.

ஆயுள் கணக்கை நம் பாணியில் போட்டுப் பார்ப்போம். ரப்பர் வகைக்குப் பொதுவாக ஒரு பட்டனுக்கு 50 லட்சம் முதல் ஒரு கோடி அழுத்தம் என்கிறார்கள். நல்ல மெக்கானிக்கல் சுவிட்சுக்கு 5 கோடி. நம் பில் மேசையில் அதிகம் அடிபடுவது பூஜ்யமும் என்டர் பட்டனும். ஒரு நாளைக்கு 3,000 தடவை என்று வைத்தால், 50 லட்சம் நாலரை வருஷத்தில் தீரும். 5 கோடி தீர நாற்பத்தைந்து வருஷம் ஆகும். இது தூசி இல்லாத சோதனைச் சாலைக் கணக்கு. மிளகாய்த் தூளும் மஞ்சள் தூளும் பறக்கிற நம் கடையில் பாதிகூட வராது என்று கழித்துக்கொண்டாலும் லாபம்தான்.

இனி எந்த சுவிட்ச் என்ற கேள்வி. நிறத்தை வைத்துப் பெயர் சொல்கிறார்கள். சிவப்பு என்றால் தங்குதடையின்றி வழுக்கிக்கொண்டு இறங்கும்; ஏறத்தாழ 45 கிராம் அழுத்தம் போதும். கறுப்பும் அப்படியே, ஆனால் 60 கிராம், விரலுக்குக் கனம். பழுப்பு நிறத்தில் நடுவழியில் ஒரு சிறு மேடு விரலில் தட்டுப்படும். நீலத்தில் மேட்டோடு 'டிக்' என்ற சத்தமும் உண்டு. சில கம்பெனிகள் நிறத்தை இஷ்டத்துக்கு மாற்றி வைக்கின்றன. ஆகவே நிறத்தை மட்டும் நம்பாமல் வழுக்கலா, மேடா, சத்தமா என்று கேட்டு வாங்குவதே நல்லது.

கொள்முதல் மேசைக்கு நாங்கள் வைத்திருப்பது நீலம். எடை ஏற்றுகிறவர் கண் தராசின் மீது இருக்கிறது, திரையின் மீது இல்லை. எழுத்து பதிகிற இடத்தில் 'டிக்' என்று காதுக்கும் விரலுக்கும் தகவல் வந்தால், அடித்தோமா இல்லையா என்ற சந்தேகம் குறையும். நம் ஊருக்கு இது புதிதல்ல. சென்னையைச் சேர்ந்த டி.வி.எஸ். எலக்ட்ரானிக்ஸின் 'கோல்டு' கீபோர்டு வங்கிகளிலும் அரசு அலுவலகங்களிலும் பட் பட் என்று ஒலிப்பதைக் கேட்டிருப்பீர்கள். அதில் நெடுங்காலம் இருந்தது செர்ரியின் நீல சுவிட்சுதான். மாடலுக்கு மாடல் சுவிட்ச் மாறக்கூடும் என்பதால் இப்போது வாங்குகிறவர்கள் கேட்டு வாங்கவும். நீலத்தில் ஒரு குறை உண்டு. ஒரே பட்டனை மறுபடி அடிக்க விரலைச் சற்று அதிகம் தூக்க வேண்டும். இரண்டு பூஜ்யத்தை வேகமாக அடிக்கிறவர்களுக்குப் பழக ஒரு வாரம் ஆகும்.

சிவப்பை எங்கள் அனுபவத்தில் பில் மேசைக்குச் சிபாரிசு செய்ய மாட்டோம். கணினி விளையாட்டு ஆடும் பிள்ளைகளுக்கு அதுதான் பிடிக்கிறது. கடையிலோ, சில்லறை எண்ணிக்கொண்டே விரலை எண்ணின் மீது சாய்த்து வைக்கிற பழக்கம் நம் ஆட்களுக்கு இருக்கிறது. 45 கிராம் என்பது ஒரு கைப்பிடிப் பொட்டுக்கடலையின் கனம். சாய்ந்த விரலே எண்ணை விழவைத்துவிடும்.

உள் அறையில் நாள் முழுக்க ஜி.எஸ்.டி. கணக்கு ஏற்றுவது எங்கள் மருமகள். 2017 ஜூலையில் அந்த வரி வந்ததிலிருந்து தட்டச்சு வேலை எவ்வளவு கூடிவிட்டது என்பது உங்களுக்குத் தெரியும். அவர் டைப்ரைட்டிங் ஹையர் தேறியவர், பழைய ரெமிங்டனில் பழகிய கை. சத்தத்துக்கு அவர் அஞ்சவில்லை. பக்கத்தில் போனில் ஆர்டர் எடுக்கிற நமக்குத்தான் தொல்லை. ஆகவே அங்கே பழுப்பு வைத்தோம். "மாமா, இது டைப்ரைட்டரும் இல்லை, ரப்பரும் இல்லை" என்று முதலில் முகம் சுளித்தார். இப்போது சாயங்காலம் விரல் வலி என்று சொல்வதில்லை.

சுவிட்சோடு வேறு சிலவற்றையும் பார்க்க வேண்டும். வலப்புறம் எண் பகுதி இல்லாத குட்டைக் கீபோர்டு பார்க்க அழகாக இருக்கும். மளிகைக் கடைக்கு உதவாது. பட்டன் மேல் எழுத்து அச்சடித்ததா, வேறு நிறப் பிளாஸ்டிக்கில் வார்த்ததா என்று கேளுங்கள். அச்சடித்தது எண்ணெய்க் கையில் ஆறு மாதத்தில் அழியும். தூள் வகை வியாபாரம் செய்பவர்கள், தண்டைச் சுற்றிச் சதுரச் சுவர் எழுப்பிய 'பாக்ஸ்' வகை சுவிட்சைத் தேடலாம். தூசி இறங்குவது குறையும். எல்லாவற்றையும்விட முக்கியம், சுவிட்சைக் கையால் பிடுங்கி மாற்றக்கூடிய 'ஹாட் ஸ்வாப்' அமைப்பு. ஒரு பட்டன் கெட்டால் கீபோர்டையே தூக்கிப் போட வேண்டியதில்லை. ஒரு சுவிட்ச் ஒரு டீ, வடை விலைக்குக் கிடைக்கிறது. மூன்று கால், ஐந்து கால் என்று இரண்டு தினுசு உண்டு, பார்த்து வாங்கவும்.

மெக்கானிக்கலிலும் கோளாறு வரும். தொடுமுனையில் தூசி சேர்ந்தால் ஒரு தடவை அடித்தது இரண்டாக விழும். 10 கிலோ 100 கிலோ ஆகும். இந்தத் தவறில் நஷ்டம் நமக்கு. மாதம் ஒருமுறை அமாவாசைக்குக் கடை கழுவும்போது, ஒவ்வொரு எண்ணையும் இருபது தடவை அடித்துத் திரையில் எண்ணிப் பார்க்கிறோம். ஐந்து நிமிஷ வேலை. கவிழ்த்துத் தட்டி, காய்ந்த பிரஷ்ஷால் துடைத்தால் போதும். ஈரத் துணி கூடாது.

கீபோர்டை மாற்றிய கையோடு இன்னொரு பழக்கமும் வைத்தோம். மூட்டை இறக்கியவர் எதிரில், திரையில் விழுந்த எடையை ஒவ்வொன்றாக உரக்கப் படிக்கிறோம். நேரம் கொஞ்சம் கூடத்தான் ஆகிறது.

அடுத்த வருஷம் தை கடைசியில் அந்தப் பெரியவர் வந்தார். முதலில் இரண்டு மூட்டை கடுக்காய் மட்டும் இறக்கினார். எடையைப் படித்ததைக் கேட்டுக்கொண்டார். பில்லை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, "பேத்திகிட்ட காட்டிட்டுச் சொல்றேங்க" என்றார். மாசியில் புளி வந்தது, 11 மூட்டை.