பிரஷ் பண்ணினால் ரத்தம் வருதா? ஈறை அரிப்பது கிருமி மட்டுமல்ல!

ஸ்ரீமுஷ்ணமோ சென்னையோ, காலையில் துப்பும் நுரையில் சிவப்பு தெரிந்தால் பலரும் சொல்வது: "பிரஷ் குத்தியிருக்கும்". மறுநாள் அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டுத் துலக்குவார்கள். பிரச்சினை வளர்வதே அங்குதான்.

பல்லைப் பிடித்து வைப்பது எது?

கொலாஜன் என்ற புரதம். ஈறிலும், பல்லை எலும்போடு கட்டும் நார்களிலும் இதுதான் அதிகம். மூன்று இழைகள் முறுக்கிய கயிறு போன்ற இதன் வடிவத்தை 1954-55இல் சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து உலகுக்குச் சொன்னவர்கள் ஜி.என்.ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். அந்த முறுக்கை வெட்டுவது சாதாரண நொதிகளுக்கு எளிதல்ல.

அப்போ வெட்டுவது யார்?

கொலாஜனேஸ் என்ற நொதி. தலைப்பிரட்டை தவளையாகும்போது வால் மறைகிறதே, அந்த வாலில்தான் 1962இல் ஜெரோம் கிராஸும் சார்லஸ் லாபியரும் இதைக் கண்டறிந்தனர்.

நம் உடலிலும் இது உண்டு. பழைய திசுவை அகற்றுவது இதன் வேலை. அளவு மீறாமல் பார்த்துக்கொள்ள தடுப்புப் புரதங்களும் உண்டு. பல் ஓரத்தில் அழுக்குப் படலம் தங்கினால், கிருமிகளோடு போராட வெள்ளை அணுக்கள் குவிகின்றன. அவை வெளியிடும் எம்எம்பி-8 என்ற கொலாஜனேஸ், தடுப்பை மீறும்போது ஈறையே அறுக்கிறது. கிருமிகளும் தம் பங்குக்கு நொதிகளை விடுகின்றன. ஆனால், பெரும்பகுதி சேதம் நம் உடலே செய்வது. வேலியே பயிரை மேயும் கதை!

ஈறு விலகி, எலும்பு கரையும். பெரும்பாலும் வலியே இருக்காது. விருத்தாசலம் பீங்கான் போல பல் கெட்டியாக இருந்தாலும், அடிக்கட்டு போனால் ஆடத்தான் செய்யும்.

மாத்திரை போட்டால் சரியாகுமா?

டாக்ஸிசைக்ளின் மருந்தை 20 மில்லிகிராம் என்ற குறைந்த அளவில் தர 1998இல் அமெரிக்கா அனுமதித்தது. இந்த அளவு கிருமியைக் கொல்லாது, நொதியை அடக்கும். ஆனால், ஈறைச் சுத்தம் செய்யும் சிகிச்சைக்கு இது துணை மட்டுமே. மெடிக்கலில் நீங்களே வாங்கிப் போடக் கூடாது.

என்ன செய்யணும்?

ரத்தம் வரும் இடத்தையும் மென்மையான பிரஷால் துலக்குங்கள். வீக்கம் மட்டும் இருக்கும் கட்டத்தில் ஸ்கேலிங் செய்தால் ஈறு பழையபடி திரும்பும். எலும்பு கரைந்த பிறகு மீட்பது கடினம். "ஸ்கேலிங் பண்ணா பல் ஆடிடும்" என்பது தவறு. காரை மறைத்து வைத்திருந்த ஆட்டம்தான் அப்போது வெளியே தெரிகிறது.

புகைபிடிப்பவர்களுக்கு ஈறு கெட்டாலும் ரத்தம் குறைவாகவே வரும். ரத்தம் இல்லையென்று அவர்கள் நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. சர்க்கரை நோயாளிகளுக்கும் ஆபத்து கூடுதல்.

ஸ்ரீமுஷ்ணம் பக்கம் இருப்பவர்களுக்குச் சிதம்பரம் அண்ணாமலை நகரிலேயே அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பல் ஆடும் வரை காத்திருக்க வேண்டாம். நுரை சிவந்ததுமே கிளம்புங்கள்.