ஓட்டம் எழுப்பும் மரபணு

“உடம்பின் எல்லா செல்லிலும் ஒரே மரபணுத் தொகுப்புதான் என்றால், ரத்தம் மட்டும் எலும்பு மஜ்ஜையில் ஊறுவது எப்படி?” என்று திண்டுக்கல்லிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். மஜ்ஜையில் ஸ்டெம் செல் இருக்கிறது, அது பெருகிச் சிவப்பணுவாகவும் வெள்ளையணுவாகவும் மாறுகிறது என்று இரண்டு வரியில் பதில் எழுதிவிடலாம். 1961-ல் டொரான்டோவில் ஜேம்ஸ் டில்லும் எர்னஸ்ட் மெக்கல்லக்கும் எலிகளை வைத்து இதை நிறுவ வழிகாட்டினார்கள். ஆனால் அந்த ஸ்டெம் செல் மஜ்ஜையில் பிறந்ததே இல்லை. அது பிறந்த இடத்தைச் சொல்லத்தான் எனக்கு ஆசை.

கருவில் மஜ்ஜை என்ற ஒன்று உருவாவதற்கு வெகு முன்னால், பெருந்தமனியின் சுவரில் அது பிறக்கிறது. மனிதக் கருவுக்கு அப்போது ஏறக்குறைய நான்கு வாரம்தான் ஆகியிருக்கும். கருவோடு ஒட்டிய மஞ்சட்கருப் பையில் உண்டான முதல் சிவப்பணுக்கள் அதற்குள் ஓடத் தொடங்கியிருக்கும். அவை அந்த வேளைக்கான ஏற்பாடு. ஆயுள் முழுக்க ரத்தம் சுரக்க வேண்டிய செல்களோ தமனியின் உட்சுவரிலிருந்து வர வேண்டும்.

அந்தச் சுவர் ஒற்றை அடுக்குத் தட்டைச் செல்களால் ஆனது. அவற்றில் சில, தமனியின் அடிப்பக்கத்தில், மெல்ல உருண்டு திரண்டு, அண்டைச் செல்களின் பிடியை விட்டு ஓட்டத்தில் இறங்கிவிடுகின்றன. எங்கள் ஊர் வாய்க்காலில் முதல் தண்ணீர் வரும்போது கரைமண் கட்டிகட்டியாகப் பெயர்ந்து நீரில் விழுவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். ஆனால் வாய்க்காலில் கரை இடியும். இங்கே இடிவதில்லை, அக்கம்பக்கத்துச் செல்கள் நெருங்கிவந்து இடைவெளியை மூடிக்கொள்கின்றன. கண்ணாடிபோல உடம்பு தெரியும் ஜீப்ரா மீன் கருவில் இதை நேரடியாகவே படம் பிடித்து 2010-ல் வெளியிட்டார்கள். மீனில் மட்டும் ஒரு வித்தியாசம்: செல் தமனிக்குள் விழாமல் வெளிப்பக்கமாகக் கழன்று, கீழே ஓடும் சிரையில் போய்ச் சேர்கிறது.

சுவராக இருந்த செல்லை ரத்தமாக்குவது ரன்எக்ஸ்-1 என்ற மரபணு. இது இல்லாத எலிக் கருக்களை 1996-ல் ஆராய்ந்தார்கள். இதயம் துடித்தது, தமனி இருந்தது, முதல் சிவப்பணுக்களும் ஓடின. ஆனால் நிரந்தர ரத்தம் உண்டாகவே இல்லை; கருக்கள் பாதிக் காலத்திலேயே இறந்தன. பிறகு 2009-ல் நான்சி ஸ்பெக்கின் குழு இன்னொன்றைச் செய்தது: செல் ரத்தமாக மாறி முடித்த பிறகு அந்த மரபணுவை நீக்கிப் பார்த்தது. இம்முறை ரத்தம் உற்பத்தியானது! அந்த ஒரு மாற்றம் நிகழ்வதற்குத்தான் ரன்எக்ஸ்-1 தவிர்க்க முடியாதது.

அது செய்யும் வேலைதான் வாசகியின் கேள்விக்கு விடை. ரன்எக்ஸ்-1 தூண்டிவிடும் இரண்டு மரபணுக்கள், ‘சுவராகவே இரு’ என்று சொல்லிக்கொண்டிருந்த மரபணுக்களின் வாயை அடைக்கின்றன. தொகுப்பு எல்லாச் செல்லிலும் ஒன்றுதான். எது பேசுகிறது, எது அடங்கிக் கிடக்கிறது என்பதில்தான் செல்லுக்குச் செல் வேறுபாடு.

சரி, ரன்எக்ஸ்-1-ஐ எழுப்புவது யார்? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். பல காரணிகளில் ஒன்று இதயத் துடிப்பு. அதே 2009-ல் பாஸ்டனில் இரண்டு குழுக்கள் இதைக் காட்டின. இதயம் துடிக்காத ஜீப்ரா மீன் கருவில் ரன்எக்ஸ்-1 சரியாக விழிக்கவில்லை. ஓடும் ரத்தம் சுவரில் உராயும்போது அங்கே நைட்ரிக் ஆக்சைடு உண்டாகிறது. துடிப்பில்லாத கருவுக்கு அந்த நைட்ரிக் ஆக்சைடை வெளியிடும் மருந்தைக் கொடுத்தபோது மரபணு விழித்துக்கொண்டது. நெஞ்சுவலிக்காரர்கள் நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரை உடம்பில் வெளியிடுவதும் இதே பொருளைத்தான். ரத்தம் ஓடுகிற ஓட்டமே வருங்கால ரத்தத்தைப் பிறப்பிக்கிறது என்பதை எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு தீரவில்லை.

இதே மரபணு உடைந்து வேறொன்றோடு ஒட்டிக்கொண்டால் ரத்தப் புற்றுநோய்க்கு வழியாகிறது. குழந்தைகளுக்கு வரும் ரத்தப் புற்றுநோயில் அடிக்கடி காணப்படும் ஓர் ஒட்டு, பல சமயம் தாய் வயிற்றிலேயே நிகழ்ந்துவிடுகிறது. பிறந்தவுடன் எடுத்துவைத்த ரத்தத் துளிகளிலேயே அதைக் கண்டிருக்கிறார்கள்.

இதைத் தெரிந்துகொண்டு, ஸ்டெம் செல் இருக்கும் தொப்புள்கொடி ரத்தத்தைப் பணம் கட்டிச் சேமிக்கச் சொல்லும் விளம்பரங்களைப் பார்த்தால் வேதனையாக இருக்கிறது. உங்கள் குழந்தைக்கான காப்பீடு என்கிறார்கள். நோயின் வித்து பிறப்பிலேயே இருந்தால் சேமித்த ரத்தத்திலும் அது இருக்கக்கூடும். தலசீமியா போன்ற பரம்பரை நோயென்றால் சந்தேகமே இல்லை, அதே கோளாறு சேமித்த ரத்தப் பைக்குள்ளும் இருக்கும். சொந்த உபயோகத்துக்கான வணிகச் சேமிப்பை இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலும் பரிந்துரைக்கவில்லை. ஆனாலும் பிரசவத்துக்கு நாள் எண்ணும் பெற்றோரின் பயத்தை வைத்து வியாபாரம் நடக்கிறது.

இந்த நோய்கள் வந்து ஸ்டெம் செல் சிகிச்சை தேவைப்படும் குழந்தைகளுக்குப் பெரும்பாலும் வேண்டியது இன்னொருவரின் ஆரோக்கியமான ஸ்டெம் செல். உடன்பிறந்தவரோடு முழுமையாகப் பொருந்த நாலில் ஒரு வாய்ப்புதான். மற்றவர்கள் முகம் தெரியாத கொடையாளரைத் தேட வேண்டும். பெயரைப் பதிய, கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சால் தடவிக் கொடுத்தால் போதும். பொருத்தம் வந்தால் சில நாள் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். பிறகு கையிலிருந்து எடுக்கும் ரத்தத்தில் ஸ்டெம் செல்லை மட்டும் இயந்திரம் பிரித்துக்கொண்டு மீதியை உடம்புக்கே திருப்பிவிடும். கொடுத்தவர் பெரும்பாலும் அன்று மாலையே வீடு திரும்பிவிடலாம்.