தண்ணீர் இல்லாத அகழி

அகழி என்றதும் தண்ணீரும் முதலையும் நினைவுக்கு வரும். சொல்லிலோ தண்ணீரே இல்லை. அகழ்வது மட்டும்தான் இருக்கிறது. 'டுவார்ஃப் ஃபோர்ட்ரெஸ்' என்ற கணினி விளையாட்டை ஆடியவர்களுக்கு இது புரியும், பெரும்பாலும் ஒரு கோட்டையைப் பறிகொடுத்த பிறகு.

டார்ன் ஆடம்ஸ், சாக் ஆடம்ஸ் என்ற அமெரிக்கச் சகோதரர்கள் 2006இல் வெளியிட்ட விளையாட்டு இது. ஏழு சித்திரக்குள்ளர்கள் வண்டியோடு வந்து இறங்குவார்கள். அவர்களை வைத்து மலையைக் குடைந்து கோட்டை எழுப்ப வேண்டும். கோட்டையில் செல்வம் சேரச் சேர, காப்ளின் என்ற குட்டிப் பூதங்களின் படை முற்றுகைக்கு வந்துவிடும்.

வீரனைப் பழக்க வருடக்கணக்காகும். பள்ளம் வெட்ட ஒரு பிக்காசு போதும். ஆனால் தரையை வெட்டித் திறந்தால் அடியில் ஒரு சரிவு மிஞ்சும். புதியவர்கள் அதை அப்படியே விட்டுவிடுவார்கள். காப்ளின்கள் ஒரு பக்கம் இறங்கி மறுபக்கம் ஏறி வந்துவிடுவார்கள். சரிவுகளையும் அகற்றினால்தான் அது அகழி. அகற்றுகிறவன் வெளியேற வழி வைக்க மறந்ததால், அவன் உள்ளேயே பட்டினி கிடந்ததை நானும் பார்த்திருக்கிறேன்.

குறுக்கே தூக்குப்பாலம். தூக்கினால் அதுவே சுவராக நிற்கும். அதை இயக்க ஒரு நெம்புகோல் வேண்டும். நெம்புகோல் செய்ய ஒன்றும், பாலத்தோடு இணைக்க இரண்டுமாக மூன்று பொறிகள் செலவாகும். நீங்கள் உத்தரவுதான் போடலாம். யாராவது ஒரு குள்ளன் நடந்துபோய் இழுக்க வேண்டும். அவன் குடித்துக்கொண்டிருக்கலாம், தூங்கலாம். அதனால் விவரமானவர்கள் நெம்புகோலைச் சாப்பாட்டுக்கூடத்தருகே வைப்பார்கள்.

2014இல் வந்த பதிப்பில் பகைவர்களுக்குச் சுவரேறவும் தெரிந்துவிட்டது. பறப்பவற்றுக்கோ அகழி என்றுமே பொருட்டில்லை.

சரி, தண்ணீர்? இந்த விளையாட்டில் நீரின் ஆழம் ஒன்று முதல் ஏழு வரை. ஆற்றிலிருந்து வாய்க்கால் வெட்டும்போது மதகு வைக்க மறந்தால் முதலில் மூழ்குவது நம் ஆட்கள்தான். மூச்சுவிடத் தேவையில்லாத நடைபிணங்கள் அடியில் நடந்தே வரும். குளிர்நாட்டில் கோட்டை கட்டியிருந்தால், பனிக்காலத்தில் அகழி உறைந்து பகைவனுக்கே பாதையாகிவிடும்.

பாறைக்குழம்பை நிரப்புவோரும் உண்டு. அதில் விழுந்தவை அநேகமாகப் பிழைப்பதில்லை. ஆனால் பழைய தண்ணீரை முழுக்க வடிக்காமல் அதைத் திறந்துவிட்டால், இரண்டும் சேர்ந்து எரிமலைக் கண்ணாடிக் கல்லாக இறுகி, வெட்டிய பள்ளம் தூர்ந்துபோகும். மறுபடியும் பிக்காசை எடுக்க வேண்டியதுதான்.