காகிதக் கொக்கும் பிள்ளையின் கேள்வியும்

ஜப்பான் என்றால் எங்கள் பிள்ளைகளுக்குக் கார்ட்டூன் படங்களும் வாகனங்களும்தான் நினைவுக்கு வருகின்றன. சீனர், கொரியர், ஜப்பானியர் எல்லோரும் ஒன்றுதான் என்று நினைக்கும் பெரியவர்களும் உண்டு. அவர்கள் தனித்தனி மொழியும் வரலாறும் கொண்டவர்கள் என்பதைச் சிறு வயதிலேயே வீட்டில் சொல்லிக் கொடுக்கலாம். தொடங்குவதற்கு ஒரு கொப்பித் தாள் போதும்.

தாளை மடித்து உருவங்கள் செய்யும் ஜப்பானியக் கலை ஒரிகாமி. நான்கு வயதுப் பிள்ளைக்கு நாய் முகம் பொருத்தமானது. சதுரத் தாளை மூலைக்கு மூலை மடித்து முக்கோணமாக்குங்கள். நீளமான பக்கத்தை மேலே வைத்து, அதன் இரு நுனிகளையும் கீழே மடித்தால் காதுகள் வந்துவிடும். கண்ணையும் மூக்கையும் பிள்ளையே வரையட்டும்.

ஏழெட்டு வயதானதும் கொக்கு மடிக்கப் பழக்கலாம். கொக்கு ஆயிரம் ஆண்டுகள் வாழும் என்பதும், ஆயிரம் காகிதக் கொக்குகள் மடித்தால் வேண்டுதல் நிறைவேறும் என்பதும் ஜப்பானியரின் பழைய நம்பிக்கைகள். மடிக்கும்போதே சடாகோ சசாகியின் கதையைச் சொல்லலாம். 1945 ஓகஸ்ட் 6 அன்று ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்தபோது அவளுக்கு இரண்டு வயது. காயமின்றித் தப்பிய அவளுக்குப் பத்து ஆண்டுகளின் பின் இரத்தப் புற்றுநோய் வந்தது. குணமாக வேண்டும் என்ற ஆசையில், வைத்தியசாலையில் மருந்து சுற்றிவந்த தாள்களிலும் கொக்கு மடித்தாள். 1955 ஒக்டோபரில், 12 வயதில் இறந்தாள். வகுப்புத் தோழர்கள் தொடங்கிய முயற்சிக்குப் பல பள்ளிப் பிள்ளைகள் பணம் சேர்த்தனர். 1958 மே 5, ஜப்பானின் சிறுவர் தினத்தன்று, ஹிரோஷிமாவில் சிறுவர் நினைவுச்சின்னம் திறக்கப்பட்டது. இன்றும் உலகெங்குமிருந்து பிள்ளைகள் அங்கே கொக்குகளை அனுப்புகிறார்கள்.

இந்தக் கதையைக் கேட்கும் பிள்ளை, "இங்கேயும் குண்டு விழுந்ததா, அம்மா?" என்று கேட்கக்கூடும். பேச்சை மாற்ற வேண்டாம், பொய்யும் வேண்டாம். "ஓம், விழுந்தது. நாங்கள் தப்பி வந்தோம். இப்போது நீ பத்திரமாக இருக்கிறாய்" என்பது போல, உங்கள் வீட்டில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லலாம். கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னால் போதும். இழந்தவரின் பெயரை அந்த நேரத்தில் சொல்ல முடியாவிட்டால், இன்னொரு நாள் சொல்லலாம். கை மடித்துக்கொண்டிருக்கும்போது முகம் பார்க்காமலே பேச முடிவதால், பெற்றோருக்கும் பிள்ளைக்கும் பேசுவது சற்று எளிதாகும்.

பத்து வயதைத் தாண்டிய பிள்ளைக்குக் கதையின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 1910 முதல் 1945 வரை கொரியா ஜப்பானின் ஆட்சியில் இருந்தது. வேலைக்காகக் கட்டாயமாகக் கொண்டுவரப்பட்டவர்கள் உட்படப் பல கொரியர்களும் ஹிரோஷிமாவில் இறந்தனர். அவர்களுக்கான நினைவுச்சின்னம் 1970இல் அமைதிப் பூங்காவுக்கு வெளியே எழுப்பப்பட்டது. அது பூங்காவுக்குள் வந்தது 1999இல்தான். அது ஏன் அவ்வளவு காலம் வெளியே நின்றது என்று பிள்ளையிடமே கேட்டுப் பாருங்கள். குண்டுக்கு இரையான நாடே இன்னொரு மக்களை அடக்கியும் ஆண்டது என்பதை அந்த வயதுப் பிள்ளையால் விளங்கிக்கொள்ள முடியும்.