அடிபட்ட ஆமையைக் கண்டால்

சில ஆண்டுகளுக்கு முன், மழைக்காலத்து விடியற்பொழுதொன்றில், தில்லியில் யமுனைக் கரையை ஒட்டிய சாலையில் நாம் நடந்து சென்றுகொண்டிருந்தோம். சாலையின் நடுவே தட்டையான கல் போன்ற ஒன்று கிடந்தது. அருகில் சென்ற பிறகே அது ஆமை என்று தெரிந்தது. ஏதோ ஒரு வண்டியின் சக்கரம் அதன் முதுகோட்டின் ஓரத்தை நொறுக்கியிருந்தது. தலை மட்டும் மெல்ல அசைந்தது. நீரில் வாழும் பிராணிக்கு நீரே மருந்து என்று எண்ணி, வீட்டுக்கு எடுத்து வந்து ஒரு வாளி நீரில் விட்டோம். நண்பகலுக்குள் அது உயிர் துறந்தது. அதன் சாவில் சக்கரத்துக்கு மட்டுமன்றி நம் வாளிக்கும் பங்கு உண்டு என்பதைப் பின்னர் ஒரு கால்நடை மருத்துவரிடம் கேட்டறிந்தோம்.

நாம் கண்டது தமிழில் பாலாமை எனப்படும் இனம். நம் ஊர் ஏரிகளிலும் வயல் வாய்க்கால்களிலும் வாழும் அதே இனம் வடநாட்டுச் சமவெளியிலும் வாழ்கிறது. வறண்ட காலத்தில் சேற்றில் புதைந்து கிடக்கும். மழை பெய்ததும் கரையேறி இடம் பெயரும். அப்போதுதான் சாலைகளில் அடிபடுகிறது.

ஐம்புலன் அடக்கத்துக்கு வள்ளுவர் ஆமையை உவமை கூறினார். அதனாலோ என்னவோ, ஓடு என்பது ஆமை புகுந்து ஒளிந்துகொள்ளும் வீடு என்றே நினைத்துப் பழகிவிட்டோம். உண்மையில் ஆமையின் முதுகெலும்பும் விலா எலும்புகளும் அகன்று, ஒன்றோடொன்று இணைந்ததே மேலோடு. அதில் இரத்தம் ஓடுகிறது, வலியும் உண்டு. நுரையீரல்கள் அவ்வோட்டின் உட்புறத்தை ஒட்டியே அமைந்திருக்கின்றன. ஆகவே ஓடு பிளந்த ஆமையை நீரில் விட்டால், பிளவின் வழியே நீர் உட்புகக்கூடும். பிளவு இல்லாவிடினும், தளர்ந்த ஆமை மூச்சு விடத் தலையை மேலே தூக்க இயலாமல் மூழ்கி இறக்கும். கோயில் குளத்தில் விட்டுப் புண்ணியம் தேட நினைப்பவர்களும் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

பின் என்ன செய்வது? முதலில் வண்டிகள் வருகின்றனவா என்று இருபுறமும் பார்த்துக்கொள்ளுங்கள். ஓட்டின் பின்பாதியை இரு பக்கமும் இரு கைகளால் பற்றித் தரையோடு ஒட்டினாற்போல் தூக்குங்கள். பாலாமையின் கழுத்து நீளமானது, திரும்பிக் கடிக்கும். வாலைப் பிடித்துத் தூக்குவதோ பெருந்தவறு, முதுகெலும்பு சிதையும். காற்றுத் துளைகள் இட்ட அட்டைப் பெட்டியில் ஈரத்துணி விரித்து, அதில் வைத்து மூடி, சந்தடியற்ற நிழலில் வைத்துவிடுங்கள். பெட்டியில் தண்ணீர் ஊற்ற வேண்டாம். காயத்தின்மேல் ஈ மொய்க்காதபடி தூய துணியை மெல்லப் போர்த்தினால் போதும். ஈ முட்டையிட்டுவிட்டால் புழு வைத்துவிடும். நம் வீடுகளில் வெட்டுக்காயம் என்றதும் மஞ்சள்தூளும் காப்பிப்பொடியும் கைக்கு வந்துவிடுகின்றன. ஆமைக்கு இவை எதுவும் கூடாது. உடைந்த ஓட்டைப் பசை கொண்டு ஒட்டுவதும் கூடாது; உள்ளே சீழ் பிடிக்கும். பாலோ சோறோ ஊட்ட வேண்டியதில்லை. ஆமை பல நாள் பசி தாங்கும்.

அசைவில்லை என்பதற்காகக் கைவிட்டுவிட வேண்டாம். ஊர்வன இனத்தின் இதயம் மிக மெதுவாகத் துடிப்பது. செத்ததா பிழைத்ததா என்பதை மருத்துவரே சொல்லட்டும். பெண் ஆமையாயின், தாய் இறந்தாலும் வயிற்றிலுள்ள முட்டைகளை எடுத்துப் பொரிக்க வைக்கச் சில வேளைகளில் முடிகிறது. உடைந்த ஓடும் முறையான சிகிச்சையில் கூடிவிடும்; ஆனால் அதற்கு மாதக்கணக்கில், சில சமயம் ஓராண்டுக்கு மேலும் ஆகும்.

கண்டெடுத்த இடத்தைத் தவறாமல் குறித்துக்கொள்ளுங்கள்; குணமான பின் அங்கேயே விட வேண்டும். காயமே இல்லாமல் சாலையைக் கடக்கும் ஆமையாயின், அது எந்தத் திசையை நோக்கிச் சென்றதோ அந்தப் பக்கத்து ஓரத்தில் விட்டுவிட்டு நம் வழியே போகலாம்.

ஆமை புகுந்த வீடு உருப்படாது என்று நம் பாட்டிமார் சொல்வார்கள். நம் வீட்டிலும் அந்தப் பேச்சு எழத்தான் செய்தது. பெட்டி சில மணி நேரம் தாழ்வாரத்தில் இருந்தால் போதும் என்று அவர்களிடம் சொல்லலாம். அதற்குமேல் வைத்திருப்பதும் கூடாது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் பாலாமை இடம் பெற்றுள்ளது. அன்பினால் ஆனாலும் அதை வீட்டில் வளர்ப்பது குற்றம். அன்றே மாநில வனத்துறைக்குத் தெரிவித்து ஒப்படைத்துவிட வேண்டும். அதன் தொலைபேசி எண் கைவசம் இல்லையேல், 112-ஐ அழைத்து உதவி கேட்கலாம்.

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நாமே அன்று தொலைபேசியை எடுத்திருந்தால் சொல் வராமல் திணறியிருப்போம். ஆகவே இதையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்: இந்தியில் ஆமை ‘கச்சுவா’, மராத்தியில் ‘காசவ்’, வங்காளியில் ‘கொச்சொப்’, குஜராத்தியில் ‘காச்போ’, தெலுங்கில் ‘தாபேலு’. கன்னடத்திலும் மலையாளத்திலும் ‘ஆமை’ என்றாலே புரிந்துகொள்வார்கள்.