பழைய கதவில் புதுப் பலகை

ஸ்ரீரங்கத்துச் சித்திரை வீதிகளிலும் உத்திர வீதிகளிலும் மிஞ்சியிருக்கும் பழைய வீடுகளின் மரக் கதவுகள் ஐப்பசி மழையில் இறுகிக்கொள்ளும். அக்கினி நட்சத்திரத்தில் தளர்ந்துவிடும். வெட்டி நூறு ஆண்டானாலும் மரம் காற்றிலுள்ள ஈரத்தைக் குடிப்பதையும் விடுவதையும் நிறுத்துவதில்லை. அந்தக் கதவில் ஒரு பலகை வெடித்து, புதிதாக ஒன்றைச் சேர்க்க வேண்டி வந்தால், ஆசாரி முதலில் கணக்கில் எடுப்பது இந்த அசைவைத்தான்.

மரத்துக்குள் செல்லுலோஸ் இழைகள் நீளவாக்கில் ஓடுகின்றன. ஈரம் அந்த இழைகளின் இடையில் புகுந்து அவற்றை விலக்குகிறது. அதனால் பலகை நீளத்தில் ஏறக்குறைய மாறாமல், அகலவாக்கில் பருக்கிறது. அதிலும் ஒரு நுட்பம் உண்டு. பலகையின் முனையில் தெரியும் வெட்டுமுகத்தைப் பாருங்கள். ஆண்டு வளையங்கள் வில்லாகப் படுத்திருந்தால் அது அதிகம் அசையும். நெட்டுக்குத்தாக நின்றால் தேக்கில் அந்த அசைவு ஏறக்குறைய பாதிதான். ஓரடி அகலத் தேக்குப் பலகை, வளையம் படுத்த வாக்கில் அறுத்ததாக இருந்தால், மரத்தின் ஈரப்பதம் 4 சதவீதம் மாறும்போது சுமார் 2 மில்லிமீட்டர் அகலம் மாறும்.

இதற்கு விடை அந்தக் கதவிலேயே இருக்கிறது. சட்டங்களைக் கழுந்தும் துளையுமாகப் பூட்டி, உள்பக்கம் காடி எனும் நீளப் பள்ளம் எடுத்து, பலகையை அதில் பசையோ ஆணியோ இல்லாமல் செருகிவிடுவார்கள். காடிக்குள் விட்ட இடைவெளியில் பலகை விரியும், சுருங்கும், சட்டம் அசையாது. ஐரோப்பிய மாளிகைச் சுவர்களில் ஓக் பலகை பதித்த தச்சர்களும் இதே வழியைத்தான் கையாண்டார்கள். ஆகவே புதுப் பலகைக்கு அதே மரம், வளையம் நிற்கும் அதே வாக்கு, நன்றாக உலர்ந்த வைரம் ஆகிய மூன்றும் வேண்டும்.

நிறம் அடுத்த கேள்வி. ஓக்கில் டானின் என்ற துவர்ப்புப் பொருள் நிறைய உண்டு. அம்மோனியா ஆவி பட்டால் ஓக் கறுத்துப் பழைய மரம்போல் ஆகிவிடும். நம் கடுக்காய்ச் சாற்றில் இரும்பு சேர்ந்தால் கறுப்பு மையாவதும் டானினின் வேலையே. தேக்குக்கு இந்த வித்தை தேவையில்லை. இழைத்தவுடன் பச்சையும் மஞ்சளுமாகத் திட்டுத் திட்டாகத் தெரியும் அதன் முகம், வெளிச்சம் பட்டுப் பொன்பழுப்பாகத் தானே தெளியும்.

ஸ்ரீரங்கத்து அரங்கன் கோயில் திருப்பணியில் சிமென்டை நீக்கிச் சுண்ணாம்புச் சாந்துக்குத் திரும்பியதும், பழையதோடு ஒத்துப்போகும் பொருளைத் தேடும் இதே அறிவுதான். அந்தப் பணிக்கு 2017-இல் யுனெஸ்கோ விருது கிடைத்தது. பழையதோடு சேர்ந்து அசையும் பொருளே பழையதைக் காப்பாற்றும்.

உங்கள் வீட்டுப் பழைய கதவில் பலகை வெடித்தால் கதவையே விற்றுவிடாதீர்கள். சுற்றிலும் ஆணி அடித்து இறுக்கவும் விடாதீர்கள். காடி தெரிந்த ஓர் ஆசாரியைக் கூப்பிடுங்கள். பலகை ஒன்றை மாற்றினால் போதும்.