கம்ப்யூட்டருக்கு மூச்சு முட்டுகிறதா?

சென்ற மே மாதம் ஒரு பிற்பகல். பக்கத்து வீட்டுப் பையன் வேர்க்க விறுவிறுக்க ஓடி வந்தான். "அங்கிள், தேர்வுக்கு விண்ணப்பம் அனுப்ப இன்றுதான் கடைசி நாள். பாதி நிரப்பும்போதே கம்ப்யூட்டர் தானாக ஆஃப் ஆகிவிடுகிறது. சர்வீஸ் கடையில் போனில் கேட்டேன். மதர்போர்டு போயிருக்கும் என்கிறார்கள்" என்றான்.

நான் போய்ப் பார்த்தேன். கேபினெட்டின் முன்பக்கம் இருந்த வலை ஃபில்டர், கறுப்புத் துணி ஒட்டியது போல அடைத்துக் கிடந்தது. ப்ராசசர் மீதிருந்த ஹீட் சிங்க்கின் இடுக்குகளில் பஞ்சு போல தூசு. அரை மணி நேரம் சுத்தம் செய்தோம். அதன் பிறகு கம்ப்யூட்டர் ஆஃப் ஆகவில்லை. மாலைக்குள் விண்ணப்பமும் போய்ச் சேர்ந்தது. போனது மதர்போர்டு அல்ல, காற்று!

புதிதாக கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் வைரஸுக்குப் பயப்படுகிறார்கள். தூசுக்குப் பயப்படுவதில்லை. எனவே இதை கொஞ்சம் விளக்கமாகப் பார்ப்போம்.

காற்று எப்படிப் போகிறது?

பெரும்பாலான கேபினெட்டுகளில் முன்பக்க ஃபேன் வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். பின்பக்க ஃபேன் சூடான காற்றை வெளியே தள்ளும். உள்ளே வரும் வழியில் தூசைப் பிடிப்பதற்காக மெல்லிய வலை வைத்திருப்பார்கள். இதுதான் ஃபில்டர். பவர் சப்ளையான எஸ்.எம்.பி.எஸ். கீழே இருக்கும் கேபினெட்டுகளில், அடிப்பக்கத்திலும் ஒரு ஃபில்டர் இருக்கும். இதைப் பலர் பார்த்ததே இல்லை.

ஃபில்டர் அடைத்தால் காற்று குறையும், வெப்பம் ஏறும். ப்ராசசர் தன் எல்லையை நெருங்கியதும் தன் வேகத்தைத் தானே குறைத்துக் கொள்ளும். 2000-ஆம் ஆண்டில் வந்த பெண்டியம் 4-லேயே இந்த வசதி இருந்தது. இன்றைய ப்ராசசர்கள் பலவற்றில் இந்த எல்லை 90 முதல் 105 டிகிரி செல்சியஸ் வரை. வேகத்தைக் குறைத்தும் சூடு அடங்காவிட்டால், கம்ப்யூட்டர் தன்னைக் காத்துக் கொள்ள ஆஃப் ஆகிவிடும். சேமிக்காத வேலை அத்தோடு போச்சு.

எப்படிக் கண்டுபிடிப்பது?

ஃபேன் சத்தம் வழக்கத்தைவிடக் கூடினால் சந்தேகப்படுங்கள். ஒரு சிறிய மெல்லிய தாளை முன்பக்க வலையருகே பிடியுங்கள். ஃபேன் ஓடும்போது அது வலையில் ஒட்ட வேண்டும். ஒட்டாமல் விழுந்தால் அடைப்பு இருக்கலாம். வெப்பநிலையைப் பார்க்க ஹெச்.டபிள்யூ.மானிட்டர், கோர் டெம்ப் போன்ற இலவச மென்பொருள்கள் உள்ளன. பயாஸ் திரையிலும் பார்க்கலாம்.

சுத்தம் செய்யும் முறை

1. ஷட் டவுன் செய்து, சுவிட்சை அணைத்து, பவர் கேபிளைக் கழற்றுங்கள். பிறகு பவர் பட்டனை ஒருமுறை அழுத்தி விடுங்கள். மிச்ச மின்சாரம் வடிந்துவிடும்.

2. கேபினெட்டை பால்கனிக்கோ வராந்தாவுக்கோ கொண்டு செல்லுங்கள். அறையிலேயே தட்டினால் அதே தூசு மறுபடி உள்ளே போகும்.

3. ஃபில்டரைக் கழற்றி, குழாய்த் தண்ணீரில் கழுவுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் சிறிது பாத்திர சோப்பு போதும். நிழலில் நன்றாக உலர்த்துங்கள். ஈரத்தோடு மாட்டவே கூடாது.

4. பக்க மூடியைத் திறந்து, உலர்ந்த மெல்லிய பெயிண்ட் பிரஷ்ஷால் ஃபேன் இறக்கைகளையும் ஹீட் சிங்க்கையும் துடையுங்கள். அதற்குமுன் கேபினெட்டின் இரும்புப் பகுதியைக் கையால் தொட்டுவிடுங்கள். உடலில் உள்ள நிலை மின்சாரம் போய்விடும்.

5. புளோயர் பயன்படுத்தினால் சற்று தள்ளிப் பிடியுங்கள். ஃபேன் சுற்றாதபடி ஒரு விரலால் பிடித்துக் கொள்ளுங்கள். அளவு மீறிச் சுற்றினால் பேரிங் கெடும்.

6. மூடுவதற்கு முன், எந்த ஒயரும் ஃபேனில் உரசவில்லை என்று பாருங்கள்.

செய்யக் கூடாதவை

எஸ்.எம்.பி.எஸ். பெட்டியைத் திறக்காதீர்கள். கேபிளைக் கழற்றிய பிறகும் அதற்குள் ஆபத்தான மின்சாரம் தங்கியிருக்கும். ஹீட் சிங்க்கைக் கழற்றாதீர்கள். கழற்றினால் தெர்மல் பேஸ்ட்டைப் புதிதாகத் தடவ வேண்டும். வீட்டு வாக்குவம் கிளீனரை மதர்போர்டு மீது வைக்காதீர்கள். அது நிலை மின்சாரத்தை உண்டாக்கும்.

இன்னொன்று. தூசு படியக் கூடாது என்று அழகான துணி உறை போட்டு மூடுகிறோம். நல்லதுதான். ஆனால் ஆன் செய்யும்போது அதை எடுத்துவிட வேண்டும். கம்ப்யூட்டர் டேபிளின் மூடிய அறைக்குள் கேபினெட்டை வைத்து கதவைச் சாத்தினாலும் இதே கதிதான். தான் வெளியே தள்ளிய சூடான காற்றையே அது மறுபடி இழுக்கும். தரையில் வைத்தால் வீடு பெருக்கும் தூசெல்லாம் அதற்குத்தான். அரை அடி உயரத்தில் ஒரு பலகை போட்டு வைத்தாலே பெரிய மாற்றம் தெரியும்.

"எங்கள் வீட்டில் ஏசி இருக்கிறதே?" என்று சிலர் கேட்பார்கள். ஏசியின் வலை ஃபில்டர் பெரிய தூசைத்தான் பிடிக்கும். அதையும் கழுவாவிட்டால் காற்று குறைந்து, குளிரும் குறையும். கம்ப்யூட்டர் ஃபில்டரைக் கழுவும் நாளிலேயே, ஏசியின் முன் மூடியைத் தூக்கி அந்த வலையையும் கழுவிவிடுங்கள்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை? நான் மாதம் ஒருமுறை ஃபில்டரையும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை உள்ளேயும் சுத்தம் செய்கிறேன். ரோட்டோரத்தில் வீடு, பக்கத்திலேயே சமையலறை, ஊதுவத்திப் புகை, நாய் பூனை என்றால் இன்னும் அடிக்கடி செய்ய வேண்டும். புது கம்ப்யூட்டர் வாரண்டியில் இருந்தால், உள்ளே திறப்பதற்கு முன் விற்றவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக் கொள்ளுங்கள். ஃபில்டரைக் கழுவ யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமையே செய்து பாருங்கள்!